ஹோட்டல் தெரிவும் அம்மாவின் முழங்காலும்

பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்ற எண்ணம் இன்று பெரும்பாலான குடும்பங்களில் வந்துவிட்டது. நாம் இங்கே ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வான் பிடிக்கிறோம். கனடாவின் ரொறன்ரோப் பகுதியில் வாழும் நம்மவர்கள் பலர் மார்ச் மாத நடுவில் வரும் ஒரு வாரப் பாடசாலை விடுமுறையில் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் புறப்படுகிறார்கள். பனி கொட்டும் ஊரிலிருந்து வெயிலைத் தேடிப்போகும் பிரயாணம் அது. ஒர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவைப் பார்க்காமல் அங்கிருந்து திரும்பினால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஸ்காபரோவில் வசிக்கும் எனது அக்காவின் குடும்பமும் 2024 மார்ச்சில் அங்கு போய்வந்தது. அக்கா, அத்தான், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், எங்கள் அம்மா, அத்தானின் தாயாரான மாமி என்று ஆறு பேர். அக்கா முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்கிறார். மூன்று வருடமாக மேலதிக நேர வேலை செய்து சேர்த்த பணம் இந்தப் பயணத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. இருந்தும் எந்த ஹோட்டலில் தங்குவது என்ற ஒரே கேள்வியில் வீட்டில் இரண்டு மாதம் வாக்குவாதம் நடந்தது. "நீ ஆறுதலாய் இருந்து பார்த்துச் சொல்லடி, எனக்கு மண்டை வெடிக்குது" என்று அக்கா ஒருநாள் வாட்ஸ்அப்பில் எடுத்துச் சொன்னார். நான் புளோரிடாவுக்குப் போனவளல்ல. ஆனால் குடும்பங்களுக்குள் வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்ப்பதே எனது தொழில். அந்தக் கண்ணோடுதான் இந்த விடயத்தைப் பார்த்தேன்.

முதலில் அந்த இடத்தின் பரப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி திறக்கப்பட்ட வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் ஏறத்தாழ 25,000 ஏக்கர் கொண்டது. மெஜிக் கிங்டம், எப்கொட், ஹொலிவூட் ஸ்ரூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள், அவற்றோடு இரண்டு நீர்ப் பூங்காக்கள், அந்தக் காணிக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். ஒரு பூங்காவிலிருந்து மற்றதுக்கு நடந்து போகலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். விளம்பரங்களில் "பூங்காவிலிருந்து பத்து நிமிடம்" என்று போட்டிருக்கும். எந்தப் பூங்காவிலிருந்து, காரிலா பஸ்ஸிலா, வாகனத் தரிப்பிடத்துக்கா நுழைவாயிலுக்கா என்று மட்டும் எழுதியிருக்காது.

எங்கள் களவேலையில் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து "நாளாந்தக் கடிகாரம்" என்றொன்று வரைவதுண்டு. ஒரு வட்டம் கீறி அதை 24 மணித்தியாலமாகப் பிரித்து, யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார், என்ன வேலை செய்கிறார், எப்போது படுக்கிறார் என்று நிரப்புவோம். கணவனின் வட்டத்தையும் மனைவியின் வட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்க அறிஞரான ஆர்லி ஹொக்சைல்ட் 1989இல் வெளியிட்ட நூலொன்றைப் பற்றிப் படித்தோம். சம்பளத்துக்கு வேலை செய்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது முறை வேலை தொடங்குகிறது என்பதே அதன் பொருள். விடுமுறையில் இந்த இரண்டாவது முறை வேலைக்கு என்ன நடக்கிறது? பல குடும்பங்களில் அது சூட்கேசுக்குள் ஏறிக் கூடவே போகிறது.

ஆகவே அக்காவிடம் ஹோட்டல் படங்களை மூடிவைத்துவிட்டு, பார்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நாள் கடிகாரம் எழுதும்படி சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு எழுதினார்.

குசினி உள்ள வீடு

அத்தானின் விருப்பம் கிசிமியில் ஒரு வாடகை வீடு. டிஸ்னிக்குத் தெற்கே உள்ள இந்தப் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். நான்கு அறை, பின்னால் சிறிய நீச்சல் தடாகம், முழுக் குசினி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம். ஆறு பேருக்குப் பிரித்துப் பார்த்தால் ஹோட்டலை விட மலிவு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் இன்னும் மலிவு. நம்மவர்கள் பலர் இப்படித்தான் போகிறார்கள், குறையாகவும் சொல்வதில்லை.

அக்காவின் கடிகாரம் இப்படி வந்தது. காலை 5 மணிக்கு எழும்பிப் புட்டு அவித்தல். 6.30க்கு மத்தியானச் சாப்பாடு கட்டுதல். 7.30க்கு எல்லோரையும் காரில் ஏற்றுதல். மெஜிக் கிங்டம் என்றால் காரை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போகமுடியாது. தரிப்பிடத்திலிருந்து பயணிகள் மாறும் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஏரியைக் கடக்கப் படகோ மொனோரயிலோ எடுக்கவேண்டும். வாசலை அடைய 9 மணியாகும். தரிப்பிடக் கட்டணம் அண்மைக் காலமாக நாளொன்றுக்கு 30 டொலரளவு. இவ்வளவு பாடுபட்டுப் போனபின் மத்தியானம் வீட்டுக்கு வந்து ஆறிப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாலையில் திரும்பிய பின் சோறு கறி, பாத்திரம் கழுவுதல், உடுப்புத் தோய்த்தல். படுக்க 11.30. அத்தானின் வட்டத்தில் கார் ஓட்டுதலும் ஒருநாள் இறைச்சி வாட்டுதலும் இருந்தன. பிள்ளைகளின் வட்டம் முழுக்க விளையாட்டு.

"வேலைக்குப் போற நாளிலை இதைவிட ஒரு மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளுறன்" என்றார் அக்கா.

இங்கே நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மாமிக்கு நீரிழிவு. வெளிச்சாப்பாடு ஒத்துவராது, வெள்ளிக்கிழமை மரக்கறி. எழுபது வயதுக்கு மேல் புலம்பெயர்ந்து, மகன் வீட்டில் மொழி தெரியாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் குசினிதான் தன் சொல் செல்லும் ஒரே இடம். அதை எடுத்துவிட்டு "மாமி, நீங்கள் சும்மா இருங்கோ" என்றால் அது ஓய்வாக அவருக்குத் தெரியாது. ஆகவே குசினி உள்ள வீடு பெண்களுக்கு எப்போதும் கேடு என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் பூங்காவுக்கு ஓடும் திட்டத்தோடு குசினியையும் சேர்த்தால்தான் ஒருவருடைய முதுகு முறிகிறது. பூங்காவுக்கு ஒருநாள் மட்டும் போய், மற்ற நாட்களில் வீட்டிலும் தடாகத்திலும் பொழுதைக் கழிப்பவர்களுக்கு வாடகை வீடே சிறந்தது.

192ஆம் வீதி

செலவைக் குறைக்கவேண்டும் என்று அக்கா ஒரு கட்டத்தில் கிசிமி ஊடாகச் செல்லும் 192ஆம் இலக்க நெடுஞ்சாலையோர மோட்டல்களையும் பார்த்தார். பூங்காவுக்கு அருகில், விலையும் குறைவு. ஆனால் தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளில் "இங்கே ஆட்கள் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள், பாதுகாப்பில்லை" என்று பலர் குறைப்பட்டிருந்தார்கள்.

அந்த நிரந்தர ஆட்கள் யார் என்பதை வாசகிகள் அறிந்திருப்பது நல்லது. வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்ட வசதியில்லாமல் வாரக் கணக்கில் மோட்டல் அறைக்குப் பணம் கட்டி வாழும் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அவர்களில் சுற்றுலாத் துறையிலேயே வேலை செய்பவர்களும் உண்டு. வேறு வழியில்லாமல் மோட்டலில் வசிக்கும் பிள்ளையை அமெரிக்கக் கல்விச் சட்டம் வீடற்ற பிள்ளையாகவே கணக்கிடுகிறது. 2017இல் வெளிவந்த "த புளோரிடா புரொஜெக்ட்" என்ற திரைப்படம் இப்படியான ஒரு மோட்டலில் தாயோடு வாழும் ஆறு வயதுச் சிறுமியின் கதை. அந்தப் பெயர் டிஸ்னி நிறுவனம் இந்தப் பூங்காவைத் திட்டமிட்ட நாட்களில் அதற்கு வைத்திருந்த பெயருமாகும். ஒரே கட்டடத்தில் ஒரு பிள்ளை நான்கு நாள் விடுமுறைக்கு வந்திருக்க, அடுத்த அறையில் இன்னொரு பிள்ளை அங்கிருந்தே பாடசாலைக்குப் போகிறது. மோட்டலில் தங்குவதா இல்லையா என்பதைச் சுத்தத்தையும் பூட்டையும் வெளிச்சத்தையும் பார்த்துத் தீர்மானியுங்கள் என்றே அக்காவுக்குச் சொன்னேன். பக்கத்து அறையில் ஏழைக் குடும்பம் இருப்பது பயப்படவேண்டிய விடயமல்ல.

டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களுக்கு வருவோம். அவை பொதுவாக மூன்று தரம். மலிவானவற்றில் ஒரு அறை இரவுக்கு 150 முதல் 300 டொலர் அளவில் இருக்கும். உச்சத் தரத்தில் 600 டொலரைத் தாண்டிப் போகும். பாடசாலை விடுமுறை வாரங்களில் எல்லாமே ஏறிவிடும். உச்சத் தரத்தில் அடங்கும் கொன்ரெம்பரரி, பொலினேசியன், கிராண்ட் புளோரிடியன் ஆகிய மூன்றும் மெஜிக் கிங்டத்தின் மொனோரயில் பாதையில் உள்ளன. கொன்ரெம்பரரியிலிருந்து நடந்தே பூங்காவுக்குப் போய்விடலாம். அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் ஆறு பேருக்கு இரண்டு அறை எடுத்தால் மூன்று வருட மேலதிக நேர உழைப்பு நான்கு இரவில் கரைந்துவிடும். அந்த ஏட்டை உடனே மூடினோம்.

மலிவான தரத்தில் பொப் செஞ்சரி, ஆர்ட் ஒஃப் அனிமேஷன் என்ற இரண்டும் ஒரு சிறிய ஏரியின் இரு கரைகளில் இருக்கின்றன. நடுவிலுள்ள பாலத்தில் ஸ்கைலைனர் என்ற தொங்கு கூண்டு வாகனத்தின் நிலையம். 2019 செப்டெம்பரில் தொடங்கிய இந்தச் சேவை, இடையில் ஒரு நிலையத்தில் மாறினால் எப்கொட்டுக்கும் ஹொலிவூட் ஸ்ரூடியோசுக்கும் கொண்டுபோய் விடும். கட்டணமில்லை. மற்ற இரண்டு பூங்காக்களுக்கும் ஹோட்டல் பஸ் உண்டு. மெஜிக் கிங்டத்துக்கு இந்த பஸ்ஸில் போனால், நான் முன்பு சொன்ன படகுப் பயணம் இல்லாமலே வாசலுக்கு அருகில் இறங்கலாம். இடி மின்னல் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். கோடையில் பின்னேர மழை அங்கு வழமை என்பதால் அந்த மாதங்களில் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். மார்ச்சில் அவ்வளவு தொல்லை இல்லை.

இனி, யார் எங்கே படுப்பது? இதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதேயில்லை. பொப் செஞ்சரி அறையில் நான்கு பேர் தங்கலாம் என்று போட்டிருக்கிறது. ஒரு கட்டில் நிலையாக இருக்கும், மற்றது பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும். மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து மேசையை மடக்கும்வரை அந்தக் கட்டிலுக்குரியவர் படுக்கமுடியாது. இரண்டு அறை எடுப்பதானால் அம்மாவோடும் மாமியோடும் அக்கா ஒரு அறையில், அத்தானும் பிள்ளைகளும் மற்ற அறையில் என்றுதான் முடியும். இரவில் எழும்பும் முதியவர்களைப் பார்ப்பது அக்காவின் சம்பள வேலை. விடுமுறையிலும் அதுவா?

ஆர்ட் ஒஃப் அனிமேஷனில் ஆறு பேருக்கான குடும்ப அறைத் தொகுதிகள் இருக்கின்றன. கதவு போட்ட ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு குளியலறை, சிறிய குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு. முதியவர்கள் இருவருக்கும் படுக்கையறை, பிள்ளைகளுக்கு மேசைக் கட்டில், பெற்றோருக்கு விரியும் சோபா என்று பங்கிட்டார்கள். மாமியின் இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டியும் சோறு சூடாக்க அடுப்பும் கிடைத்துவிட்டன. விடுமுறை வாரத்தில் இந்தத் தொகுதி இரவுக்கு 500 டொலரைத் தாண்டும். பொப் செஞ்சரியில் இரண்டு அறை சில நாட்களில் இதைவிடக் குறைவாகவும் வரும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பக்கத்துப் பக்கத்து அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.

அத்தான் விடவில்லை. "வீடு ஏழு நாளைக்கு எடுக்கிற காசிலை இது மூன்று நாள்தான் வரும்" என்றார். அவர் சொன்னதும் பிழையல்ல. அப்போதுதான் அம்மா ஒரு கேள்வி கேட்டாராம்: "நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் உள்ளுக்குப் போகத்தான் வேணுமோ?"

அந்தக் கேள்வியில் கணக்கே மாறியது. 2024இல் பெரியவர் ஒருவருக்கான ஒருநாள் நுழைவுச்சீட்டு 100 டொலருக்கு மேல் தொடங்கி, சனம் கூடும் நாட்களில் 189 டொலர் வரை போனது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டில்லை, பத்து வயதானால் பெரியவர் கணக்கு. அம்மாவும் மாமியும் ஐந்து நாளும் உள்ளே போவது காசையும் காலையும் சேர்த்து விரயமாக்குவது. ஆகவே ஏழு நாளை ஐந்து நாளாக்கி, நான்கு இரவுகள் அந்த ஹோட்டலிலேயே தங்கி, முதியவர்களுக்கு மெஜிக் கிங்டத்துக்கு மட்டும் சீட்டு எடுப்பது, மற்றவர்களுக்கு மூன்று நாள் சீட்டு என்று முடிவாயிற்று. காரில் போனால் 2,000 கிலோமீற்றருக்கு மேல், இருபது மணித்தியாலம் பிடிக்கும் என்பதால் விமானம். ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து முன்பு டிஸ்னி ஹோட்டல்களுக்கு இலவச பஸ் ஓடியது. 2022 ஜனவரியோடு அது நின்றுவிட்டது, வாடகை வாகனச் செலவைக் கணக்கில் சேர்க்கவேண்டும். அம்மாவும் மாமியும் கனேடியப் பிரஜைகள் என்பதால் விசாப் பிரச்சினை எழவில்லை. இங்கிருந்து பிள்ளைகளிடம் போய் நிற்பவர்களுக்கு கனடா விசா இருந்தாலும் அமெரிக்க விசா தனியாக வேண்டும். முதியவர்களுக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்காமல் அந்த நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது.

விலையைப் பற்றி இன்னொன்று. திரையில் முதலில் தெரியும் தொகை கட்டும் தொகையல்ல. ஒர்லாண்டோ அடங்கும் ஒரேஞ்ச் மாவட்டத்தில் அறை வாடகைக்கு மேல் வரியே 12.5 சதவீதம். டிஸ்னிக்கு வெளியேயுள்ள பல ஹோட்டல்கள் இதற்கு மேல் "ரிசோர்ட் கட்டணம்" என்று நாளாந்தம் ஒரு தொகையை அறவிடுகின்றன. தடாகத்தில் இறங்காதவர்களும் அதைக் கட்டியே ஆகவேண்டும். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்கச் சட்டத்தின்படி இப்படியான கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்டவேண்டும். வரி அப்போதும் தனியாகத்தான் வரலாம்.

நாட்கள் எப்படிப் போயின என்பதை அக்கா திரும்பி வந்து சொன்னார். காலையில் பாணும் பாலும் அறையிலேயே. டிஸ்னி ஹோட்டல்களில் தங்குபவர்களைப் பூங்கா திறப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னரே உள்ளே விடுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் பெரிய வரிசையுள்ள இரண்டு விளையாட்டுகளை முடித்துவிட்டார்கள். மத்தியானம் ஸ்கைலைனரில் திரும்பியதும் அத்தான் பிள்ளைகளைத் தடாகத்துக்குக் கொண்டுபோக, அக்கா கூடத்துச் சோபாவில் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டார். "பகலிலை நித்திரை கொண்டு எத்தனை வருஷம்" என்றார்.

அம்மாவும் மாமியும் ஸ்கைலைனரில் ஏறி, இறங்காமலே போய் வந்து, மறுபடியும் ஏறியிருக்கிறார்கள். அதற்குப் பூங்காச் சீட்டுத் தேவையில்லை. ஒருநாள் வாடகைக் காரில் அனிமல் கிங்டம் லொட்ஜ் என்ற ஹோட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். அங்கே தங்காதவர்களும் உணவகத்துக்கு வரலாம். 'சனா' என்ற அந்த உணவகத்தின் யன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன. ஆபிரிக்க, இந்தியச் சுவை கலந்த சாப்பாடு. நான் ரொட்டியோடு ஒன்பது வகைச் சட்னியும் ஊறுகாயும் வைத்தார்களாம். மாமி அன்று வெளிச்சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஊறுகாய்க்கு உப்புப் போதாது என்று அம்மாதான் சொன்னாராம். மெஜிக் கிங்டத்தில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்தார்கள். அம்மா முதலில் வெட்கப்பட்டு, பிறகு மாலைவரை எழும்பவில்லை. ஹோட்டலிலும் லிப்டுக்குப் பக்கத்தில் அறை வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்த ஹோட்டல்களின் நடைபாதைகள் மிக நீளமானவை. முழங்கால் நோவுள்ளவருக்கு இந்த ஒரு வசனக் கோரிக்கை பெரிய உதவி.

இத்தனை பேருக்கு ஓய்வு கிடைப்பதற்கு வேறு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஒர்லாண்டோ ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்பவர்களில் ஹெயிட்டியிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்தவர்கள் பலர். டிஸ்னியின் தொழிற்சங்கங்கள் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 2018இல் மணித்தியாலத்துக்கு 15 டொலரை நோக்கிய ஒப்பந்தத்தையும், 2023இல் ஆரம்பச் சம்பளத்தை அந்த வருட முடிவுக்குள் 18 டொலராக்கும் ஒப்பந்தத்தையும் பெற்றன. ஒர்லாண்டோ வாடகையை அறிந்தவர்களுக்கு 18 டொலர் பெரிய தொகையல்ல என்பது தெரியும். கட்டில் விரிப்பு மாற்றுவதன் பாரம் அக்காவுக்குத் தெரியும். துவாய்களை ஒரே இடத்தில் குவித்து வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அங்கு துப்புரவு செய்பவருக்கு ஐந்து டொலரளவு வைத்துவிட்டுப் போவது வழக்கம். பலர் கடைசி நாளில் மொத்தமாக வைப்பார்கள். அக்கா, அறை துப்புரவாகும் நாளிலெல்லாம் காலையிலேயே ஒரு கடித உறையில் போட்டு மேசையில் வைத்தார். ஒவ்வொரு நாளும் ஒரே ஆள் வருவதில்லை.